முதல் குளிர் எனக்கு, மிச்சக் குளிர் டீச்சருக்கு

இந்த டிசம்பரில் என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் இது ஏழாவது தீர்மானம். முந்தைய ஆறின் கதியைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம். நானும் சொல்லமாட்டேன்.

விஷயம் கார். இன்னும் சரியாகச் சொன்னால் காரின் வலது பக்கக் கதவு.

எங்கள் மகள் சுகன்யா மேரி பெரம்பலூரில் இருக்கிறாள். அவளுடைய குழந்தைக்கு டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஞானஸ்நானம். என் பக்கத்துச் சொந்தம், என் மனைவி பக்கத்துச் சொந்தம், மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தம் என்று அழைக்கப்பட்டவர்கள் நூற்றுப் பத்துப் பேர். மகள் வீட்டு வாசலில் எல்லோரும் நிற்பார்கள். எங்கள் கார் போய் நிற்கும். அப்போது வலது கதவைத் திறந்துகொண்டு யார் இறங்குவது, இடது கதவைத் திறந்துகொண்டு யார் இறங்குவது என்பதுதான் வழக்கு.

இரண்டு வருடம் முன்பு வரை இப்படி ஒரு வழக்கே கிடையாது. என் மனைவி லீலா மேரி ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். வெளியாட்கள் முன்னால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஓய்வு பெற்றதும், ஜெயங்கொண்டத்தில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, வாரம் மூன்று நாளாகப் பன்னிரண்டு வாரம் பஸ்ஸில் போய் வந்தாள். முப்பத்தாறு நாள். முப்பத்தேழாம் நாள் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரைவிங் லைசென்ஸை வைத்தாள்.

"தையல் கிளாஸ்னு சொன்னியே?"

"ஊசி கோக்கக் கண்ணு தெரியல. ரோடு நல்லாத் தெரியுது."

அன்றிலிருந்து சாவியைக் கேட்கிறாள். நான் ஒரே ஒரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். நீ ஓட்டினால் மைலேஜ் குறையும்.

இது வெறும் சாக்கு அல்ல. எனக்கு அளவு முக்கியம். நான் எட்டாவதோடு நின்றவன். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியின் எடை மேடையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். காலி லாரி வந்து நிற்கும், ஒரு எடை. கல்லை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், இன்னொரு எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மை. வேறு தத்துவம் எதுவும் எனக்குத் தெரியாது. டிரைவர்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினால் போதும். மூன்று பேர் எதிரில் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை உண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும். பக்கத்திலிருக்கும் குமிழை அழுத்தினால் பூஜ்யத்துக்கு வந்து புதிதாகக் கணக்கைத் தொடங்கும். அது சொல்வது நிஜம்தானா என்று டேங்கை மூன்று முறை விளிம்பு வரை நிரப்பிச் சோதித்துவிட்டேன். லிட்டருக்கு நானூறு மீட்டர் கூட்டிச் சொல்கிறது. யார் ஓட்டினாலும் அதே பொய்யைச் சொல்வதால் மன்னித்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில் ஆயில் மாற்றுவதற்காக ஆண்டிமடம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் கொளஞ்சியப்பனிடம் போயிருந்தேன். நல்ல மனிதர். பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசுவார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு வசதி.

"அண்ணே, ரெண்டு மூணு நாளா காலையில வண்டி எப்படி இழுக்குது?"

"நல்லாத்தான் இழுக்குது."

"இழுக்கும். பனிக் காத்துல்ல. குளுந்த காத்து அடர்த்தி. வெயில் நேரத்துல ஒரு மடக்கு குடிக்கறதுக்கும், இப்ப ஒரு மடக்கு குடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இப்ப கனமா உள்ள போகும். இஞ்சினுக்கு அதுதான் தெம்பு."

"காத்து கனமா?"

"பின்ன? காத்துக்கும் எடை இருக்குதுல்ல அண்ணே. ஆனா..."

அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். கொளஞ்சியப்பனோடு சேர்த்து மூன்று பேர். அவர் பானட்டிலிருந்து தலையை வேறு வெளியே எடுத்துவிட்டார். "சரிங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். கனம். முப்பத்தோரு வருடம் எத்தனை ஆயிரம் லாரிகளை எடை போட்டிருப்பேன். இந்தக் காற்றை மட்டும் ஒரு நாளும் மேடையில் ஏற்றவில்லை. அன்று மத்தியானம் கட்டிலில் படுத்தபோது கண்ணுக்குள் ஓர் எடை மேடை வந்தது. அதன் மேல் ஒரு விடியற்காலை ஏறி நின்றது. வெள்ளையாக, ஓரங்கள் இல்லாமல், மெதுவாக அசைந்துகொண்டு. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒரு வெயில் மத்தியானம் வந்து ஏறியது. எண் அசையவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மை என்று சொல்லிச் சீட்டு எழுதும்போது விழித்துக்கொண்டேன்.

விழித்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். லீலா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மைலேஜ் மைலேஜ்னு எத்தன நாளைக்குப் பேசுறது. ஒரு போட்டி வச்சுப் பாத்துருவோம்" என்றேன்.

"என்ன போட்டி?"

"டிசம்பர் ஒண்ணாந்தேதியிலிருந்து இருபது நாள். ஒரே ரோடு, ஒரே தூரம். வூட்டுலேருந்து கோயில் கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். தெனம் ஒரு தடவ நான், ஒரு தடவ நீ. யாருக்கு லிட்டருக்கு அதிகமா ஓடுதோ அவங்கதான் பெரம்பலூருக்கு வண்டி எடுக்கணும்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வீட்டுப்பாடத்தைக் கேட்காமலே கொண்டுவந்து நீட்டும் பையனை ஒரு டீச்சர் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"எந்நேரம் ஓட்டறது?"

"நான் காலையில ஆறு மணிக்கு எடுக்கறேன். நீ மத்தியானம் ரெண்டு மணிக்கு எடு."

"ரெண்டு மணிக்குக் கோயில் பூட்டிக் கெடக்கும். நான் போயி பூட்டப் பாத்துட்டு வரணுமா?"

"கேட்டு வரைக்கும் போனாப் போதும்."

"டிசம்பர் பூரா ஏழு மணிப் பூசைக்குப் பாட்டுக் குழுவுல பாடறதா ஃபாதர்கிட்ட ஒத்துக்கிட்டிருக்கேன். தெனம் ஆட்டோவுக்கு நிக்கறேன். நீங்க போயிட்டு வந்ததும் நான் எடுத்துக்கறேன். ஆறே முக்காலுக்கு."

யோசித்தேன். வரதராஜன்பேட்டைக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் நானூறு மீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. ஆறு மணிக்கு எங்கள் வெளிச் சுவரில் தொங்கும் வெப்பமானி பத்தொன்பது காட்டும். ஆறே முக்காலுக்கு வெயில் தலைகாட்டி இருபத்தொன்றைத் தொட்டிருக்கும். பூசை முடிந்து அவள் திரும்பும்போது இருபத்து நாலு. ஆக முதல் குளிர் எனக்கு, மிச்சக் குளிர் அவளுக்கு. இருந்தாலும் உடனே ஒத்துக்கொண்டால் சந்தேகப்படுவாள். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினேன்.

"போனாப் போகுது. எடுத்துக்க."

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள் லீலா.

முப்பத்தெட்டு வருடத்தில் என் மனசை அவள் பெரியது என்று அளந்து சொன்னதே இல்லை. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

டிசம்பர் ஒன்றாம் தேதி விடிவதற்கு முன்பே எழுந்தேன். ஸ்வெட்டர் போட்டேன், மப்ளர் கட்டினேன். இஞ்சினைக் கிளப்பி, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் அப்படியே உறுமவிட்டேன். எடை மேடைக்கு வரும் லாரிகள் காலையில் அப்படித்தான் நிற்கும். பிறகு குமிழை அழுத்திப் பூஜ்யமாக்கி... இல்லை, பொய் சொல்லக்கூடாது. குமிழை முதலிலேயே அழுத்திவிட்டேன். கிளப்பியதிலிருந்து எண்ணினால்தான் அது கணக்கு.

அந்தக் காலைகளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பனியில் முந்திரி மரங்களுக்கு அடிப்பாகம் இருக்காது. கிளைகள் மட்டும் மிதக்கும். ரோடு பத்தடிக்கு மேல் இருக்காது. பத்தடி போனால் இன்னொரு பத்தடியை யாரோ விரித்து வைத்திருப்பார்கள். நான் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். காற்று கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் கனம் எனக்கே தெரிந்தது. இஞ்சின் ஒவ்வொரு மடக்காக அதைக் குடித்துக்கொண்டு, மேட்டிலும் மூச்சிரைக்காமல், பாடிக்கொண்டு ஏறியது. கால் வைத்தால் போதும், பறந்தது. வேகம் பார்த்தால் அறுபத்தைந்து. நான் வழக்கமாக நாற்பத்தைந்தைத் தாண்டாதவன். சக்கரம் தரையில் படுகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. எனக்கு அறுபத்தாறு வயது என்பதும், மூன்று பேருக்கு முன்னால் பேச வராது என்பதும், அந்தப் பனிக்குள் யாருக்கும் தெரியாது. நாலாம் நாள் கோயிலில் திரும்ப மறந்து, அப்படியே ஒரு கிலோமீட்டர் நூறு மீட்டர் தாண்டிப் போய்விட்டேன். நோட்டில் அதைத் தனியாக எழுதினேன். கனவு, 1.1.

திரும்பி வந்து நிறுத்தும்போது திரை முதல் நாள் 15.2 என்று காட்டியது. எழுதிக்கொண்டு குமிழை அழுத்தி அழித்தேன். லீலா பாட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றாள். சாவியை வாங்கினாள். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"என்ன பாக்கற?"

"பாவம், குளுருல அலஞ்சுட்டு வந்திருக்கு."

தினமும் பார்த்தாள். தினமும் அது என் மனைவியின் இளகிய மனம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவளும் எட்டு மணிக்கு வந்து, தன் எண்ணை எழுதிக்கொண்டு, திரையை அழித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மிச்சமாகி வந்த ஒரு வருகைப் பதிவேட்டில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினாள். கடைசி நாள் வரை ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்கக் கூடாது என்று பேச்சு.

ஐந்து நாள் ஆனது. என் எண் ஏறவில்லை. 15.2, 15.0, 15.1, 14.7, 15.1. இதே கார் எனக்கு ஜெயங்கொண்டம் போய்வரும்போது பதினேழு கொடுத்திருக்கிறது. எடைதான் காரணம் என்று பட்டது. ஸ்வெட்டரையும் மப்ளரையும் தராசில் வைத்தேன். எழுநூற்று முப்பது கிராம். ஆறாம் நாள் வெறும் சட்டையோடு போனேன். பல் தந்தியடித்தது. 15.1.

ஏழாம் நாளிலிருந்து தினமும் ஒரு காரியம் செய்தேன். டிக்கியிலிருந்து ஸ்டெப்னி டயரை இறக்கி ஷெட்டில் வைத்தேன். பதினொன்றரைக் கிலோ. திரும்பி வந்ததும், லீலா உள்ளே புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், மறுபடி தூக்கி உள்ளே போட்டேன். தனியாகப் போகிற பெண்பிள்ளை, வழியில் பஞ்சரானால் என்ன செய்வாள். பாதுகாப்புக்காகத்தான். மனசாட்சியிடம் அப்படித்தான் சொன்னேன். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் பூசை முடிந்து வந்த லீலா, செருப்பைக் கழற்றாமலே என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஃபாதர் உங்களப் பத்திக் கேட்டாரு."

"என்னப் பத்தியா? என்ன கேட்டாரு?"

"நீங்க தெனம் காலையில கோயில் கேட்டு வரைக்கும் வரீங்களாம். உள்ள வராம அப்படியே திரும்பிப் போயிடறீங்களாம். மணியடிக்கறவரு பாத்துட்டுச் சொல்லியிருக்காரு."

"வண்டியத் திருப்பறேன். வேறென்ன."

"அது அவங்களுக்குத் தெரியுமா? மனசுல ஏதோ பெரிய பாரம் இருக்கும்போல டீச்சர், பாவசங்கீர்த்தனம் பண்ணத்தான் வராரு, தைரியம் வராமத் திரும்பிடறாரு, நீங்க பக்குவமாப் பேசிப் பாருங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது ஃபாதர்னேன்."

"போட்டின்னு சொல்ல வேண்டியதுதானே."

"பாட்டுக் குழுவுல பதினாலு பேரு நிக்கறாங்க. எம் புருஷன் பெட்ரோலு சிக்கனம் பண்ண வராருன்னா சொல்லுவேன்? பாவம் பண்ணினாருன்னாலாவது ஒரு மரியாத இருக்கு. ஏன், பாரம் ஒண்ணும் இல்லியா உங்களுக்கு?"

ஷெட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

"இல்ல" என்றேன்.

மறுநாள் காலை கேட்டை நெருங்கும்போது பனிக்குள் ஒரு கை மட்டும் தெரிந்தது. வா என்றது. வெள்ளை அங்கி வெள்ளைப் பனியில் கரைந்துபோய், கையும் முகமுமாக ஃபாதர் நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. "வாங்க பிலவேந்திரன், நேரம் ஒண்ணும் ஆயிடல" என்றார். என் இருபத்தொன்பது வயதுப் பாவங்களில் தொடங்கிப் பதினொன்றரைக் கிலோ வரைக்கும் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கும்பிட்டேன். கும்பிட்ட கை ஸ்டியரிங்கில் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது. முன்னும் பின்னுமாக ஐந்து முறை எடுத்துத் திரும்பி, ஒரே மிதியாக மிதித்து வீடு வந்து சேர்ந்தேன். அன்றைய எண் 12.9. நோட்டில் பக்கத்தில் காரணம் எழுதினேன். ஃபாதர்.

அதன் பிறகும் நான் கலங்கவில்லை. எனக்கே பதினைந்து என்றால் வெயில் ஏறிய காற்றைக் குடிக்கும் அவளுக்குப் பதின்மூன்றுகூட வராது. இரவு படுக்கும்போது பெரம்பலூர் வாசல் கண்ணுக்குள் வரும். நூற்றுப் பத்துப் பேர். வலது கதவு மெதுவாகத் திறக்கும். அதிலிருந்து என் வலது கால், புதுச் செருப்போடு இறங்கும். அடுத்த கால் இறங்குவதற்குள் தூங்கிவிடுவேன்.

இருபதாம் நாள் காலை எட்டேகாலுக்கு இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். நான் என் நோட்டை விரித்தேன். அவள் பதிவேட்டை விரித்தாள்.

"உங்க சராசரி?"

"பதினாலு புள்ளி ஒன்பது. ஃபாதரச் சேர்த்து."

"கனவச் சேர்த்தா, சேர்க்காமயா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நோட்ட டிவி மேல வச்சா யாருக்குத்தான் தெரியாது."

"பாக்கக் கூடாதுன்னு பேச்சு."

"எண்ணப் பாக்கல. எழுத்தத்தான் பாத்தேன்." பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். "எனக்குப் பதினெட்டு புள்ளி ஏழு."

நான் கூட்டிப் பார்த்தேன். இருபதால் வகுத்தேன். மறுபடி கூட்டினேன். பதினெட்டு புள்ளி ஏழு. காகிதத்தில் அந்த எண் பனிக்குள் நிற்கும் மரம்போல ஆடியது.

"குளுந்த காத்துதானே நல்லா இழுக்கும். கொளஞ்சியப்பன் சொன்னாரே" என்றேன்.

"சொன்னான். அப்புறம் 'ஆனா'ன்னு ஒண்ணு சொன்னானா?"

"சொன்னாரு. அப்ப ரெண்டு பேரு வந்துட்டாங்க. நான் வந்துட்டேன்."

"அவன் என்கிட்ட நாலாங்கிளாஸ் படிச்சவன். 'ஆனா' போட்டா அதுக்குப் பின்னாடி ஒரு பாதி வாக்கியம் இருக்கும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க போட்டின்னு வந்து நின்ன அன்னிக்கே போன் போட்டு அந்தப் பாதியக் கேட்டுக்கிட்டேன்."

"என்ன அந்தப் பாதி?"

லீலா விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். நாற்பது வருடப் பழக்கம்.

"குளுந்த காத்து நல்லா இழுக்கும். ஆனா கனமான காத்து உள்ள போனா அதுக்குத் தக்கன பெட்ரோலும் கூட ஊத்திக்கும். தெம்பு வேற, சிக்கனம் வேற. ரெண்டாவது, ராத்திரி பூரா குளுருல நின்ன இஞ்சின் சூடாகற வரைக்கும் இன்னும் கூடக் குடிக்கும். உள்ள ஆயில் பாகு மாதிரி கெட்டியா இருக்கும். டயர்லயும் காத்து சுருங்கிக் கெடக்கும். நீங்க அதையும் கெளப்பி அஞ்சு நிமிஷம் நின்ன எடத்துலயே குடிக்க வச்சீங்க. அப்புறம் பறந்தீங்கன்னு மணியடிக்கறவரு சொன்னாரு. ஆறு கிலோமீட்டர் ஓடி அது ஒழுங்கா சூடாகுது, நீங்க திரும்பி வூட்டுக்கு வந்துடறீங்க."

"வரும்போது நல்லா சூடாத்தான் இருக்கும்."

"அந்தச் சூட்டத்தான் நான் எடுத்துட்டுப் போனேன்."

பானட்டின் மேல் அவள் கை வைத்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இருவது நாளு விடியக்காலம் எந்திரிச்சு, குளுருல நடுங்கிக்கிட்டு, எனக்கு இஞ்சினச் சூடு பண்ணிக் குடுத்தீங்க. பாட்டுக் குழுவுல எந்தப் பொம்பளைக்கும் இப்படி ஒரு புருஷன் கெடையாது."

"இது ஞாயமே இல்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு எடுத்திருக்கணும்."

"நேரத்த யாரு சொன்னது?"

"நான்தான்."

"குளுரு யாருக்கு வேண்டியிருந்துச்சு?"

"எனக்கு."

"ஸ்டெப்னிய யாரு எறக்கி ஏத்தினது?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நல்ல வெயில் அடித்தது.

"அந்த ஸ்டெப்னியோடதான் எனக்குப் பதினெட்டு புள்ளி ஏழு" என்றாள். "தெனம் ராத்திரி முதுகுக்குத் தைலம் தேச்சு விட்டேனே, எதுக்கு வலிக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

கேட்கவில்லை. அதையும் நான் பாசம் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டேன். அதிலும் திராட்சையை எண்ணிக்கொண்டிருந்தேன். லீலா உள்ளறையில் சுகன்யாவோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். லீலாவின் அண்ணன் மூன்று பேர் பெரம்பலூருக்கு வருகிறார்கள். மூன்று பேரும் சொந்தமாகக் கார் ஓட்டுகிறவர்கள். பொண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் பலகாரத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் போய் இறங்குவதை அவர்கள் பார்ப்பார்கள். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். பேரனின் ஞானஸ்நானம். அது முடியாது.

இருபத்தெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு லீலா சாவியை எடுத்தாள். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். மடியில் தூக்கு. எண்பத்து நாலு கிலோமீட்டர்.

அவள் நிதானமாக ஓட்டினாள். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. ஜெயங்கொண்டம் தாண்டியதும் வெயில் சாய்வாக வந்து என் முழங்காலில் விழுந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. ஐந்து வருடமாக இந்த ரோட்டில் வருகிறேன், இடது பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒரு குளம் இருக்கிறது. அதில் பனி ஆவிபோல எழுந்து எருமைகளின் காது மட்டத்தில் நிற்கிறது. அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் கண்ணாலேயே எடை போட்டேன். பதினேழு லாரி. பதினெட்டாவது வருவதற்குள் கண் சொக்கியது. எடை மேடையில் நானே ஏறி நிற்பதுபோலவும், லீலா ஜன்னலுக்குள் உட்கார்ந்து சீட்டு எழுதுவதுபோலவும் ஒரு கனவு வந்தது. எண்ணைப் பார்ப்பதற்குள் விழித்துவிட்டேன். பெரம்பலூர் வந்துவிட்டது.

"லீலா."

"ம்."

"நூத்திப் பத்து பேரு நிப்பாங்க."

"நிக்கட்டும்."

"உங்க அண்ணன் மூணு பேரும்."

"அவங்களுந்தான் நிப்பாங்க."

தூக்கின் மூடியைத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன். மகள் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு பெட்டிக்கடை உண்டு. அங்கே இண்டிகேட்டரைப் போட்டு, ஓரமாக ஒதுக்கி, லீலா வண்டியை நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"எதுக்கு?"

"இந்தப் பக்கம் வாங்க. இங்கேருந்து வூடு முன்னூறு மீட்டர். யாரும் பாக்கல."

நான் அவளையே பார்த்தேன். அவள் மடியிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சது நீதானே."

"ஜெயிச்சவதானே குடுக்க முடியும். தூக்க எங்கிட்டக் குடுத்துட்டு வாங்க. அங்க நமக்குப் போட்டு வச்ச காபி ஆறிடும்."

ஏழு தீர்மானங்களையும் அந்தப் பெட்டிக்கடை வாசலிலேயே வாபஸ் வாங்கினேன். இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் ஏறினேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். முன்னூறு மீட்டர். என் வாழ்க்கையில் நான் ஓட்டிய மிக நல்ல முன்னூறு மீட்டர் அதுதான். இஞ்சின் பட்டுப்போல இருந்தது. ஹாரன் ஒரே முறை, சின்னதாக. வாசலில் கூட்டம் திரும்பிப் பார்த்தது. வலது கதவைத் திறந்தேன். முதலில் வலது கால், புதுச் செருப்போடு. அப்புறம் இன்னொன்று.

எண்ணினேன். வாசலில் இருபத்தேழு பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்களாம். பரவாயில்லை, மூன்று அண்ணன்களும் முன்வரிசையில் இருந்தார்கள்.

"வாங்க மாப்ள, அவ்வளவு தூரமும் ஓட்டிட்டு வந்தீங்க, அலுப்பா இருக்குமே" என்றார் பெரியவர்.

நானே ஓட்டினேன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "பழகின ரோடுதானே" என்றேன்.

"அரியலூர்ல லாரி ஜாஸ்தியா இருந்திருக்குமே" என்றார் அடுத்தவர்.

"பதினேழு லாரி. நாம நிதானமாப் போனா அவனுங்களும் நிதானமாப் போவானுங்க. குளுருல இஞ்சின ஒடனே வெரட்டக் கூடாது, சூடாகவிட்டு எடுக்கணும், அவ்வளவுதான்."

இருபத்தேழு பேருக்கு முன்னால், என் அறுபத்தாறு வயதில் முதல்முறையாக, மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினேன். எல்லோரும் கவனமாகத் தலையாட்டினார்கள். சுகன்யா குழந்தையின் முகத்துக்குள் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லீலா தூக்கோடு எனக்குப் பின்னால் அடக்கமாக இறங்கி, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மாப்பிள்ளை லியோ பிரபு மிகவும் மரியாதையான பையன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். என்னை உட்காரவைத்து, இரண்டு கையாலும் காபி டம்ளரை நீட்டி, குனிந்து, அக்கறையாகக் கேட்டான்.

"மாமா, அந்த முன்னூறு மீட்டருக்கு எவ்வளவு மைலேஜ் காட்டுச்சு?"